நின்று நின்று ஓடிய கல்யாணம்

மகள் ஹெப்சியின் கல்யாணத்தைப் பார்க்க ஆம்பூர் தானியேலுக்கு இரண்டு வாய்ப்புகள் வந்தன. முதல் வாய்ப்பை அவரே வேண்டாம் என்று தள்ளினார். இரண்டாவது வாய்ப்பு, டிவிக்குக் கீழே வைக்கிற ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வீடியோவாக வந்து சேர்ந்தது. அது நின்று நின்று ஓடியது.

தானியேல் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் போகப் போக உங்களுக்கு அவர்மேல் கோபம் வரும். வரட்டும். அவர்மேல் அவருக்கே இருக்கிற கோபத்துக்கு முன்னால் நம்முடையது ஒன்றுமில்லை.

மீசை அரும்பாத வயதில் ஷூ கம்பெனியில் சேர்ந்தவர். கட்டிங் செக்ஷன். ஒரு தோலை மேஜையில் விரித்துப் போட்டால், எங்கே முள் கிழித்த தழும்பு, எங்கே உண்ணி கடித்த புள்ளி, எங்கே தோல் இழுத்தால் நீளும், எங்கே நீளாது என்பதெல்லாம் பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். ஷூவின் மேல்பாகத்துக்கு வேண்டிய துண்டுகளை வேஸ்ட் இல்லாமல் வெட்டி எடுப்பதில் அந்தக் கம்பெனியில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவர் மனுஷர்களையும் பார்த்தார். அங்கேதான் தொல்லை. தழும்பு எங்கே என்று முதலில் தேடுகிற கண்ணுக்கு மற்றதெல்லாம் அப்புறம்தான் தெரியும்.

மனைவி அமிர்தவள்ளி மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு கத்திக் கத்தித் தொண்டை கரகரத்துப்போன குரல். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து, இனிமேல் இல்லை என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் தீர்ப்பு எழுதிய பிறகு பிறந்தவள் ஹெப்சி. ஒரே மகள். வேலூரில் இன்ஜினியரிங் படித்து, சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குப் போனாள். அங்கே கூட வேலை செய்த அந்தோணியைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஒருநாள் வந்து நின்றாள். ஜோலார்பேட்டைப் பையன். அப்பா ரயில்வேயில் கார்டு. நல்ல குடும்பம். ஆனால் கத்தோலிக்கர்கள்.

தானியேல் லுத்தரன் சபையில் மூப்பர். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டு அவர் கையில்தான் புறப்படும்.

"பையனப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. தாலிய நம்ம கோயில்ல கட்டட்டும். நானே முன்ன நின்னு நடத்தறேன்" என்றார்.

"அவங்க அம்மா மாதா கோயில்லதான் கட்டணும்னு வேண்டிக்கிட்டிருக்காங்கப்பா. எங்க கட்டினா இன்னாப்பா?"

"எங்க கட்டினா இன்னாவா? அப்ப நீயே கட்டிக்கோ."

இரண்டு வீட்டிலும் கும்பிடுவது ஒரே இயேசுவைத்தான். இதை எடுத்துச் சொல்ல வந்தவர்கள் அத்தனை பேரும் காபி மட்டும் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் தை மாதத்தில், ஒரு சனிக்கிழமை, ஜோலார்பேட்டையில் கல்யாணம். ஆம்பூரில் பாசஞ்சர் ஏறினால் நடுவில் வாணியம்பாடி, அவ்வளவுதான், ஒரு தூக்கம் போடுவதற்குள் இறங்கிவிடலாம். தானியேல் அன்றைக்கு வேலைக்குப் போனார். மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது அமிர்தவள்ளி அரக்குப் பட்டுப் புடவை கட்டி, தலையில் பூ வைத்து, முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எங்கேயும் கிளம்பவில்லை. சும்மா கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சோறு போடட்டா?" என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கத்தியிருந்தால் தானியேலுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

புதுமணத் தம்பதி சீக்கிரமே ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். போகுமுன் அந்தோணி தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்து, சினேகிதன் ஒருவன் மூலம் ஆம்பூருக்கு அனுப்பிவைத்தான். பார்க்க டிவிடி பிளேயர் மாதிரி தட்டையாக இருக்கும். டிவியோடு சேர்த்துவிட்டால் ரிமோட்டிலேயே எல்லாம் பார்க்கலாம். கல்யாணத்தை அவன் கூட்டாளிகள் புதுசாக வந்திருந்த எச்.டி. கேமராவில் எடுத்திருந்தார்கள். அதைச் சாதாரண பிளேயர் வாங்காது, அதனால்தான் பெட்டியையே அனுப்புகிறோம் என்று ஹெப்சி அம்மாவிடம் போனில் சொன்னாள். அப்பாவைக் கேட்டதாகச் சொல்லு என்றும் சொன்னாள். அப்பா பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார். போனை வாங்கவில்லை.

பெட்டியையும் அவர் தொடவில்லை. ஆனால் அது அங்கே வெறுமனே கிடப்பதையும் அவரால் பார்க்க முடியவில்லை. அவர்கள் தெருவுக்குப் பின்னால் தோல் பதனிடுகிற டேனரிகள். அந்தக் காற்றுக்கு வெள்ளிக் கொலுசு கறுத்துப்போகும், பித்தளைக் குத்துவிளக்கு பச்சை பூத்துவிடும். பக்கத்து வீட்டு ஷபீ அஹமது அந்தக் காற்றால்தான் தன் புது டிவி செத்தது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தானியேலு, அந்தப் பொட்டியில பாரு, மேல சைடுல எல்லாம் ஓட்ட ஓட்டயா வெச்சிருக்கான். நம்மூரு காத்து உள்ள பூந்தா ஒரே மாசம். அப்புறம் பேஜாராப் பூடும்."

அந்த வாரமே தானியேல் மெல்லிய ஆட்டுத்தோல் கொண்டுவந்தார். பெட்டியை அளந்து, பேப்பரில் அச்சு வெட்டி, தோலை வெட்டி, ஸ்டிச்சிங் செக்ஷனில் கொடுத்துத் தைத்து எடுத்துவந்தார். ஷூ அச்சின்மேல் தோலை எப்படிச் சுருக்கமில்லாமல் இழுத்து உட்காரவைப்பார்களோ, அப்படி உட்கார்ந்தது அந்த உறை. பட்டனுக்கு ஒரு சின்ன ஜன்னல், சிடி தட்டு வெளியே வர ஒரு ஜன்னல், பின்னால் ஒயர்களுக்கு வழி. பின்பக்கம் கண்ணி அடித்து ஷூ லேஸ் கோத்து இறுக்கிக் கட்டினார். கழற்றவே வேண்டாம், போட்டபடியே ஓட்டலாம். மேலே இருந்த ஓட்டை, பக்கத்தில் இருந்த ஓட்டை, ஒன்று பாக்கியில்லாமல் மூடிவிட்டார்.

அமிர்தவள்ளி அந்த உறையைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். மகளை மன்னித்துவிட்டேன் என்று வாயால் சொல்லத் தெரியாத மனுஷர், கையால் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஹெப்சியிடமிருந்து போன் வந்தபோது, "உங்கப்பா உன் பொட்டிக்கு சட்ட தச்சிப் போட்டிருக்காருடி" என்று சொல்ல வாயெடுத்தாள். தானியேல் கையை ஆட்டித் தடுத்துவிட்டார். படத்தைப் போட்டுப் பார்க்கவும் அவர் உட்காரவில்லை. வெட்கம். அந்த வெட்கம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

அமிர்தவள்ளிக்குச் சர்க்கரை வெகுநாளாக உண்டு. மருந்து சாப்பிடுவாள், இனிப்பும் சாப்பிடுவாள். அந்தக் கோடையில் எழுத்துகள் மேல் பூச்சி பறக்கிறது என்றாள். வேலூருக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, கண்ணுக்குப் பின்னால் ரத்தக் குழாய்கள் கசிகின்றன, லேசர் வைக்கலாம், இருக்கிறதைக் காப்பாற்றப் பார்க்கலாம், ஆனால் எவ்வளவு நாளைக்கு என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது பள்ளிகொண்டா தாண்டியது. அமிர்தவள்ளி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஹெப்சிக்குச் சொல்லாதீங்க. வேலைய வுட்டுட்டு ஓடி வந்துருவா."

"சரி."

"கண்ணு இருக்கும்போதே அவ கல்யாணத்தப் பாத்துடறேங்க. நேர்லதான் பாக்கல. அதையாவது பாத்துடறேன்."

'நேர்லதான் பாக்கல' என்று அவள் சொன்னது சாதாரணமாகத்தான். தானியேலுக்கு அது எங்கே போய்த் தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது.

அடுத்த ஞாயிறு கோயிலிலிருந்து வந்து, சாப்பிட்டு, ஜெபம் செய்துவிட்டு உட்கார்ந்தார்கள். படம் ஆரம்பித்தது. ஹெப்சியின் பெயரும் அந்தோணியின் பெயரும் இரண்டு இதயங்களுக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. பெண்ணுக்கு மருதாணி, பெண்ணுக்கு அலங்காரம், பூக்கட்டுகிறவர்கள், சமையல்காரர்கள் என்று எல்லாம் கண்ணாடி மாதிரி துல்லியமாக ஓடியது. ஹெப்சியை ஏற்றிக்கொண்ட கார் கோயில் வாசலில் வந்து நின்றது. கார் கதவு பாதி திறந்தது. அங்கே படம் நின்றது.

பேச்சு நிற்கவில்லை, பாட்டு நிற்கவில்லை. கீபோர்டு வாசிக்கிறது, ஜனங்கள் பேசுகிறார்கள், படம் மட்டும் பாதி திறந்த கார் கதவாகவே இருந்தது. பிறகு வெட்டி வெட்டி இழுத்தது. ஒரு வெள்ளைப் புடவை, ஒரு தூண், யாரோ ஒருவரின் முதுகு, மறுபடி தூண். சாமியார் பூசை வைக்கிற குரல் தெளிவாகக் கேட்டது. ஹெப்சியின் முகம் ஒருமுறைகூட முழுசாக வரவில்லை.

"கோயில் வந்ததும் நிக்குது பாருங்க. உங்க கோவம் அதுக்கும் வந்துடுச்சு" என்றாள் அமிர்தவள்ளி. கேலிதான். தானியேலுக்குச் சிரிப்பு வரவில்லை.

ரிமோட்டில் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பெட்டி அதற்குள் கொதித்துப் போயிருந்ததால் எங்கே தள்ளினாலும் இழுத்தது. அது கொதிக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மறுநாள் போட்டவுடனே நேராகக் கோயில் காட்சிக்குப் போகலாம் என்று அவர் சொன்னதற்கு அமிர்தவள்ளி ஒப்பவில்லை.

"கல்யாணத்துக்குப் போறவங்க நேரா தாலி கட்டறப்பதான் உள்ள நுழைவாங்களா? நான் மொதல்லருந்துதான் பாப்பேன். பொண்ணுக்குத் தல பின்றதுலருந்து பாக்கணும் எனக்கு."

டீச்சர். பாடத்தை நடுவில் ஆரம்பித்துப் பழக்கமில்லை. தவிர, போகாத கல்யாணத்தை முழுசாக வாழ்ந்துவிடப் பார்த்தாள், அதில் ஒரு நிமிஷம் குறையக்கூடாது அவளுக்கு.

ஆகவே தானியேல் பெட்டியைச் சரிசெய்யக் கிளம்பினார். அதற்கு முதலில் அவர் செய்ய வேண்டியிருந்தது மருமகனோடு பேசுவது. ஞாயிறு மத்தியானம் ஹெப்சி போன் செய்தபோது, "அவர்ட்ட குடு" என்றார். அந்தப் பக்கம் போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு, "மாமா, ஸ்தோத்திரம்" என்று பையன் குரல் வந்தது. ஸ்தோத்திரம் என்று வணக்கம் சொல்வது கத்தோலிக்கர் வழக்கம் இல்லை. அவருக்காகவே கற்றுவைத்திருந்தான்.

"அது நிக்குது" என்றார் தானியேல்.

"எது மாமா?"

"படம். பேச்சு ஓடுது, படம் நிக்குது."

இப்படி ஆரம்பித்தது மாமனாருக்கும் மருமகனுக்கும் பழக்கம். எப்படி இருக்கிறாய் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. டிரைவர் என்ன ஆனது, கோடெக் போட்டாச்சா, வேறு பிளேயர் இறக்கிப் பார்க்கலாமா, பின்னால் ஓடுகிற ஆன்டிவைரஸை நிறுத்தலாமா, இதுதான் பேச்சு. அவன் சொல்லச் சொல்ல, ஆம்பூரில் ஐம்பது தாண்டிய ஒரு மனுஷர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டிவியில் ஓடும் சின்னச் சின்ன எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்வார். பொறுமையான பையன். ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. இவனையா வேண்டாம் என்றோம் என்று போனை வைத்தபிறகு அவருக்குத் தோன்றும். அமிர்தவள்ளியிடம் அதைச் சொல்ல மாட்டார்.

"மாமா, உள்ள ஃபேன் சுத்துதா?"

"ஜோரா சுத்துது. சத்தம் ஜாஸ்தியாவே வருது."

"தூசி கீசி அடைச்சிருக்கா? நம்மூர்ல தூசி ஜாஸ்தியாச்சே."

"ஒரு பொட்டு தூசி கெடயாது. நான் அத எப்படி வெச்சிருக்கேன் தெரியுமா" என்றார் தானியேல் பெருமையாக. மேலே ஆட்டுத்தோலில் சட்டை தைத்துப் போட்டிருக்கிறீர்களா என்று கேட்க அந்தோணிக்கு எப்படித் தோன்றும்? உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டர்காரனுக்குத் தோன்றும்? ஆம்பூரில் ஒரு கட்டிங் மாஸ்டர் வீட்டில் மட்டும் நடக்கக்கூடிய காரியம் அது.

பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த பெருமாளை வீட்டுக்குக் கூப்பிட்டார். ரிப்பேர்காரர் வருகிறாரே என்று காலையிலேயே லேஸை அவிழ்த்து, உறையைக் கழற்றி, மடித்து உள்ளே வைத்துவிட்டார். பெருமாள் வந்தார், திறந்தார், மெமரி பலகையை உருவி அதன் கறுத்த பல்வரிசையைப் பள்ளிக்கூட ரப்பரால் அழுத்தித் தேய்த்தார், திரும்பச் செருகினார். கல்யாண வீடியோவைப் போட்டார். அலங்காரம் தாண்டியது, கார் வந்தது, கார் கதவு முழுசாகத் திறந்தது. தானியேல் உடனே ரிமோட்டை வாங்கி நிறுத்திவிட்டார்.

"இன்னா சார், நல்லாதான ஓடுது? முழுசாப் பாருங்க" என்றார் பெருமாள்.

"போதும் போதும். அவளும் நானும் சேந்து பாத்துக்கறோம்."

மகள் காரிலிருந்து இறங்குவதை முதன்முதலாக ஒரு ரிப்பேர்காரரோடு உட்கார்ந்து பார்க்க அவருக்கு மனசில்லை. சமையல்கட்டைப் பார்த்து, "அமிர்தம், சரியாய்டுச்சு, வா" என்று கூப்பிட்டார். அவள் பெருமாளுக்காக டீ போட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் குளித்துவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டு, நிதானமாக உட்காரலாம் என்றாள். அப்போது அவளுக்குப் பார்வை இருந்தது. லேசர் வைத்தும் இடது கண் மங்கல்தான், ஆனால் வலது கண்ணால் டிவியில் முகம் தெரியும். அந்த டீயை அடுப்பிலேயே போட்டுவிட்டு அவள் வந்திருக்கக் கூடாதா? அவராவது அவள் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கக் கூடாதா? பெருமாள் போனதும் தானியேல் முதல் வேலையாக உறையை எடுத்துவந்து மாட்டி, லேஸை இழுத்துக் கட்டினார். சாயங்காலம் கார் வந்தது. கதவு பாதியில் நின்றது.

பெருமாளுக்குப் போன் செய்தால், "நான் இருக்கும்போது ஓடுச்சே சார்" என்றார். நியாயமான பதில்தான்.

அதன்பிறகு தானியேல் சும்மா இருக்கவில்லை. கரண்ட் கம்மியாக வருகிறது என்று ஸ்டெபிலைசர் வைத்தார். ஒயரை மாற்றினார். டிவியையே மாற்றலாமா என்று யோசித்தார். கம்பெனியில் தோலை விரித்துவைத்துக்கொண்டு அந்தப் பாதிக் கதவையே நினைத்துக்கொண்டு நிற்பார். வீட்டுக்கு வந்ததும் பெட்டி. எதையாவது மாற்றுவார், படத்தைப் போடுவார், திரையில் எங்கே இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டே பின்னால் உட்கார்ந்திருக்கும் அமிர்தவள்ளியைக் கேட்பார்.

"இப்ப?"

"இப்ப தேவலாம்."

"நேத்திக்கு இன்னிக்கு?"

"இன்னிக்குப் பரவால்லீங்க."

அவருக்கு அதில் தெம்பு வரும். இன்னும் கொஞ்சம் தோண்டுவார். குடும்ப ஜெபத்தில் வேதம் வாசிக்கிற வேலையை அவள் அவரிடம் விட்டுவிட்டாள், கண்ணாடி மாற்ற வேண்டும் என்றாள். சரி என்றார். அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தினாள். கடை அரிசி இப்போதெல்லாம் சுத்தமாக வருகிறது என்றாள். அதற்கும் சரி என்றார். தோலில் ஊசிமுனைத் தழும்பைக் கண்டுபிடிக்கிற கண் அவருடையது. அந்தக் கண் முழுக்கப் பெட்டியின் மேலேயே இருந்தது, பெண்டாட்டி பக்கம் திரும்பவே இல்லை.

கிறிஸ்மஸுக்கு முந்தின அட்வென்ட் காலத்து ஞாயிறு ஒன்று. பண்டிகைக்கு வெள்ளையடித்த வாசனை வீட்டில் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படத்தைப் போட்டார்கள். அந்தோணி சொன்னபடி அன்றைக்கு ஏதோ ஒரு புது பிளேயர் போட்டிருந்தார். இதயங்கள் சுற்றின. மருதாணி வந்தது, அலங்காரம் வந்தது. அமிர்தவள்ளி நாற்காலியில் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, முகத்தை டிவி பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கார் வந்தது. கதவு பாதி திறந்தது. நின்றது.

கீபோர்டு சத்தம் தங்குதடையில்லாமல் ஓடியது. ஜனங்கள் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது.

தானியேல் தலையில் கையை வைத்துக்கொண்டார். பின்னாலிருந்து அமிர்தவள்ளியின் குரல் வந்தது.

"இன்னிக்கு ரொம்ப நல்லா ஓடுதுங்க. நிக்கவே இல்ல."

அவர் திரும்பினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்கள் டிவியைப் பார்த்த மாதிரிதான் இருந்தன. திரையில் கார் கதவு அசையாமல் நின்றது.

"நல்லாத் தெரியுதா அமிர்தம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ம். பாருங்க, எல்லாம் எழுந்து நிக்கிறாங்க. புள்ள எவ்ளோ அழகா நடந்து வர்றா."

தானியேல் எழுந்து போய் அவள் முகத்துக்கு முன்னால் நின்றார். டிவியை முழுசாக மறைத்து நின்றார். அவள் சிரிப்பு மாறவில்லை. அவரைத் தாண்டி, அவருக்குப் பின்னால் நடக்காத ஒன்றை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பலருந்து?" என்றார். அவள் முகத்துக்கு நேரே குனிந்தார். மறுபடி கேட்டார். "எப்பலருந்துடி?"

அவளுக்கு விளங்கிவிட்டது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"கோயில் அறுப்புப் பண்டிகைக்கு முன்னாடிலருந்தே. ரெண்டு மாசம் ஆவும். மொதல்ல வெளிச்சம் தெரிஞ்சிது. இப்ப அதுவும் கம்மி" என்றாள். "நீங்க அந்தப் பொட்டியோட மல்லாடறது பாக்க எனக்குப் பொறுக்கலீங்க. நல்லா ஓடுதுன்னு சொன்னா வுட்டுருவீங்கன்னு பாத்தேன். நீங்க எங்க வுட்டீங்க?"

தானியேல் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்காக அவள் இத்தனை நாள் கல்யாணம் பார்த்திருக்கிறாள். அதைத் தாங்குகிற இடம் அவருக்குள் எங்கேயும் இல்லை.

"என்னக் கொஞ்சம் கிட்டக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். கையைப் பிடித்து டிவி பக்கம் கூட்டிப்போனார். அவள் குனிந்து பெட்டியைத் தேடினாள். ஹெப்சி அனுப்பியது, அவர் சட்டை தைத்துப் போட்டது, அதைத் தொட்டுப் பார்க்க ஆசை. உறையின்மேல் உள்ளங்கையை வைத்தவள் வெடுக்கென்று எடுத்தாள்.

"என்னங்க இது? இப்படிக் கொதிக்குது! கொழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கு. இத ஏன் இறுக்கி மூடி வெச்சிருக்கீங்க, மூச்சு முட்டாதா அதுக்கு?"

பிள்ளைகளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த டீச்சர் கை. தானியேல் அதே இடத்தில் தன் கையை வைத்துப் பார்த்தார். சுட்டது. இத்தனை மாதமும் ரிமோட்டைத் தொட்டாரே தவிர, ஓடுகிற பெட்டியின் தலையில் அவர் கை வைத்ததே இல்லை. லேஸை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு சிக்கிக்கொண்டது. கத்தி எடுத்துவந்து, தன் கையால் வெட்டிய உறையைத் தன் கையாலேயே கிழித்தார். ஓட்டைகள் வழியாக அனல் வெளியே வந்தது.

கொஞ்ச நேரம் ஆறவிட்டு, கார் வருகிற இடத்துக்குத் திருப்பிவைத்தார். படம் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. கார் நின்றது. கதவு பாதி திறந்தது, முழுசாகத் திறந்தது. அவர் அமிர்தவள்ளியைத் தன் பக்கத்தில் தரையில் உட்காரவைத்துக்கொண்டார்.

"ஓடுதா?" என்றாள்.

"ஓடுது."

"நெசமாவா?"

"நெசமாத்தான். எறங்கிட்டா."

"புடவ இன்னா கலரு?"

"வெள்ளப் பட்டு. சன்ன சரிக. தலையில வெள்ள நெட்டு முக்காடு. பூவ ஒரு பக்கமா வெச்சிருக்கா, உன்ன மாதிரி."

"மெலிஞ்சிருக்காளா?"

"கொஞ்சம்."

கோயில் வாசலில் அந்தோணியின் அப்பா நின்றிருந்தார். கோட்டு போட்ட கார்டு. பெண்ணை உள்ளே கூட்டிப்போகக் கையை நீட்டினார். ஹெப்சி அவரிடம் என்னவோ சொன்னாள். அவர் கையை மடக்கிக்கொண்டு, தலையை ஆட்டி, ஒதுங்கி நின்றார். கீபோர்டு ஆரம்பித்தது. ஜனங்கள் எழுந்தார்கள். நடுவில் சிவப்புக் கம்பளம். ஹெப்சி அதன் நடுவே நடக்கவில்லை. ஒரு ஓரமாக நடந்து வந்தாள். பார்க்கிறவர்களுக்குப் பெண் கோணலாக நடக்கிறாளே என்றுதான் தோன்றியிருக்கும். தானியேலுக்கு அளவு தெரியும். அவளுக்குப் பக்கத்தில் விட்டிருந்த இடம் ஒரு ஆள் அகலம்.

"யாரு கையப் புடிச்சிட்டு வர்றா?" என்று கேட்டாள் அமிர்தவள்ளி.

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் எத்தனை பொய் சொன்னாள் அவருக்காக. இவர் ஒன்று சொல்லக்கூடாதா? சம்பந்தியோடு வருகிறாள் என்று சொன்னால் அவளும் நம்பிக்கொள்வாள். ஆனால் இனிமேல் அந்த வீட்டில் பார்க்கிற கண் அவருடையது மட்டும்தான். அதுவும் பொய் சொன்னால் அவள் எங்கே போவாள்?

"தனியாத்தான் வர்றா அமிர்தம். அவ மாமனார் கை நீட்டினாரு, வேணாம்னுட்டா. பக்கத்துல எனக்கு எடம் வுட்டுட்டு வர்றா."

சொல்லி முடிப்பதற்குள் அவர் உடைந்துவிட்டார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு தேம்பினார். அமிர்தவள்ளி அவர் தோளைத் தேடிப் பிடித்தாள்.

"புள்ள அழுவுறாளா?"

"இல்ல. சிரிச்சிட்டுதான் வர்றா."

"அப்ப நீங்களும் அழாதீங்க" என்றாள். "நீங்க கண்ணக் கசக்கிக்கிட்டிருந்தா எனக்கு யாரு பாத்துச் சொல்றது?"

தானியேல் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தார். ஹெப்சி பாதி தூரம் வந்திருந்தாள்.